வியப்பூட்டிய விஞ்ஞானி: கார்ல் சேகனும் விஞ்ஞானத்தைச் சொல்லும் முறையும்

சூரியன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நமது பால்வீதியில் நூறு பில்லியனுக்கும் அதிகமான நட்சத்திரங்கள் இருக்கின்றன. இவை இரண்டும் பாடப்புத்தகங்களில் உள்ள தகவல்கள். பொது அறிவுப் போட்டியில் கேட்டால் மனனம் செய்த பிள்ளை டக்கென்று விடை சொல்லும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அன்றிரவு அதே பிள்ளை முற்றத்தில் இறங்கி வானத்தை ஒரு தரமாவது அண்ணாந்து பார்க்குமா? பெரும்பாலும் பார்க்காது.

தகவலுக்கும் வியப்புக்கும் இடையில் இப்படியோர் இடைவெளி இருக்கிறது. அதற்குப் பாலம் போடுபவர்தான் மக்களுக்கு விஞ்ஞானம் சொல்பவர். அவர் ஆசிரியராகவோ எழுத்தாளராகவோ தொலைக்காட்சியில் பேசுபவராகவோ இருக்கலாம். இந்தப் பணியை இருபதாம் நூற்றாண்டில் மிகப் பரந்த அளவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன். அவர் எப்படிச் செய்தார், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

நூலகத்தில் கேட்ட கேள்வி

சேகன் 1934 நவம்பர் 9 இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தகப்பன் ஆடைத் தொழிலில் வேலை செய்தவர். அமெரிக்காவுக்குக் குடியேறி வந்தவர். வீட்டில் விஞ்ஞானம் படித்தவர் எவருமில்லை. நட்சத்திரம் என்றால் என்ன என்ற கேள்வி சிறு வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. கேட்ட இடமெல்லாம் "அது வானத்தில் தெரியிற வெளிச்சம்தானே" என்ற மாதிரியான பதில்தான் கிடைத்தது. நூலகத்துக்குப் போய் 'ஸ்டார்ஸ்' பற்றி ஒரு புத்தகம் வேண்டுமென்று கேட்டார். நூலகர் எடுத்துக் கொடுத்தது ஹொலிவுட் நடிகர்களின் படப் புத்தகம்! பிறகுதான் சரியான புத்தகம் கைக்கு வந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்கள், வெகு தூரத்தில் இருப்பதால்தான் புள்ளிகளாகத் தெரிகின்றன என்று அதில் வாசித்தார். உலகம் அந்த நிமிடத்திலேயே பெரிதாகிப்போன அனுபவமாக அதைப் பின்னாளில் பல தடவைகள் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1960 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற சேகன், 1968 முதல் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வெள்ளிக் கோளின் கடும் வெப்பத்துக்கு அதன் தடித்த காபனீரொட்சைட்டு வளிமண்டலம்தான் காரணம் என்பதை விளக்கிய ஆய்வுகளில் அவருக்குப் பங்குண்டு. நாசாவின் விண்கலத் திட்டங்கள் பலவற்றிலும் பணியாற்றினார். ஆனால் அவரை உலகம் அறிந்துகொண்டது 1980 இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'கொஸ்மோஸ்' என்ற 13 பகுதித் தொடரின் மூலம்தான். ஆன் ட்ரூயன், ஸ்டீவன் சோட்டர் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய அத்தொடர் பல நாடுகளில் ஒளிபரப்பாகியது.

"அது எப்படித் தெரியும்?"

சேகனின் முறையில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, ஒரு முடிவைச் சொன்னதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை என்பது. மனிதன் அந்த முடிவுக்கு எப்படி வந்தான் என்ற பாதையையும் கூடவே காட்டுவார். கொஸ்மோஸின் முதற் பகுதியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எரட்டோஸ்தனிஸ். ஆண்டின் மிக நீண்ட பகலன்று, நண்பகலில், தெற்கேயுள்ள சயீன் நகரில், அதாவது இன்றைய அஸ்வானில், செங்குத்தான தூணுக்கு நிழல் விழுவதில்லை என அவர் அறிந்தார். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. பூமி தட்டையாக இருந்தால் இரண்டு இடத்திலும் நிழல் ஒரே மாதிரித்தானே இருக்க வேண்டும்? சூரியக் கதிர்கள் சமாந்தரமாக வருகின்றன. ஆகவே நிழல் வேறுபடுவதற்குக் காரணம் தரை வளைந்திருப்பதுதான். அலெக்சாந்திரியாவின் நிழல் காட்டிய கோணம் ஏறத்தாழ 7 பாகை. ஒரு முழு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 800 கிலோமீற்றர். 800 ஐ 50 ஆல் பெருக்கினால் 40,000. அதுதான் பூமியின் சுற்றளவு!

இதைச் சொல்ல சேகனுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மட்டையில் இரண்டு சின்னத் தூண்களை நட்டு, மட்டையை வளைத்துக் காட்டினார், அவ்வளவுதான். பார்த்தவருக்கு "இது நானும் செய்யக்கூடியதுதானே" என்ற எண்ணம் வந்தது. வியப்பு பிறந்தது அங்கேதான்.

இந்தப் பரிசோதனைக்கு நமது நாடு எவ்வளவு வாய்ப்பான இடம் என்பதை நாம் யோசிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முற்பகுதியில் வானிலை அறிக்கையில் "இன்று நண்பகல் 12.12 அளவில் இன்ன இன்ன ஊர்களுக்கு மேலாக சூரியன் உச்சம் கொடுக்கும்" என்று கேட்கிறோம். "அதுதான் இவ்வளவு வெக்கை" என்று சொல்லிவிட்டு விசிறியைப் போடுகிறோம். காலியும் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றது என்ற மாதிரி அமைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம் 400 கிலோமீற்றர் அளவு. காலியில் சூரியன் உச்சம் கொடுக்கும் நாளில் அங்கு நட்ட ஒரு மீற்றர் தடிக்கு நிழலே இருக்காது. அதே நேரம் யாழ்ப்பாணத்தில் அதே அளவு தடிக்கு ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கு நோக்கி நிழல் விழும். அது காட்டும் கோணம் ஏறத்தாழ 3.6 பாகை, வட்டத்தின் நூறில் ஒரு பங்கு. 400 ஐ 100 ஆல் பெருக்கிப் பாருங்கள். எரட்டோஸ்தனிஸ் கண்ட அதே 40,000 வருகிறது.

பெரிய எண்ணைக் கைக்குள் அடக்குதல்

இரண்டாவது, அளவு பற்றியது. மனித மனத்தால் பெரிய எண்களைப் பிடிக்க முடியாது. மில்லியனும் பில்லியனும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான், ஓரெழுத்து வித்தியாசம். சேகன் 'பில்லியன்' என்று சொல்லும்போது முதலெழுத்தை அழுத்தி உச்சரித்தது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். நகைச்சுவையாளர்கள் அதைப் போலச் செய்து காட்டிச் சிரித்தார்கள். ஆனால் விடயம் சிரிப்புக்குரியதல்ல. ஒரு மில்லியன் விநாடி என்பது பன்னிரண்டு நாளுக்குள் முடிந்துவிடும். ஒரு பில்லியன் விநாடி கழிய ஏறத்தாழ 32 வருடங்கள் வேண்டும்.

காலத்தின் நீளத்தை விளக்க அவர் எடுத்துக்கொண்டது எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும் கலண்டர். பிரபஞ்சத்தின் முழு வயதையும் ஓராண்டாகச் சுருக்கினார். இன்றைய கணிப்பான 13.8 பில்லியன் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால், இந்தக் கலண்டரில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 38 மில்லியன் ஆண்டுகள். ஒரு விநாடி ஏறத்தாழ 437 ஆண்டுகள். ஜனவரி முதலாம் திகதி பிரபஞ்சம் தொடங்குகிறது. நமது சூரியனும் பூமியும் உருவாகும்போது செப்டெம்பர் பிறந்துவிடுகிறது. டைனோசர்கள் அழிவது டிசம்பர் 30 காலையில். நம்மைப் போன்ற மனிதர் தோன்றுவது டிசம்பர் 31 இரவு, பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் கூட இல்லாத நேரத்தில். ஹிஜ்ரத் முதல் இன்று வரையான பதினான்கு நூற்றாண்டுகளும் கடைசி மூன்றே கால் விநாடிக்குள் அடங்கிவிடுகின்றன. எழுபது வருடம் வாழும் மனிதனுக்குக் கிடைப்பது ஒரு விநாடியின் ஆறிலொரு பங்கு.

அதே போல, தூரத்திலுள்ளதை நமது உடம்போடு இணைப்பதிலும் அவர் வல்லவர். நமது எலும்பிலுள்ள கல்சியமும் இரத்தத்திலுள்ள இரும்பும் பூமியில் உண்டானவையல்ல. சூரியன் பிறப்பதற்கு முன்னரே வாழ்ந்து மடிந்த நட்சத்திரங்களில் உருவானவை அவை. நட்சத்திரம் எங்கோ இருக்கிற வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், இதைக் கேட்ட பிறகு தன் கையையே ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார்.

ஒரு புள்ளி

1977 செப்டெம்பர் 5 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் வியாழனையும் சனியையும் படம் பிடித்துவிட்டு வெளியே சென்றுகொண்டிருந்தது. அதில் இணைக்கப்பட்டிருந்த தங்க முலாம் பூசிய இசைத்தட்டைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் சேகன்தான். அந்தத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. அரபு இருக்கிறது, உருது இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. தமிழ் இல்லை.

அந்த விண்கலத்தின் கெமராவை ஒரு தடவை பூமியின் பக்கம் திருப்ப வேண்டுமென்று சேகன் கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து பூமி ஒரு புள்ளியாகத்தான் தெரியும், விஞ்ஞான ரீதியாக அதில் ஒரு பயனும் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். சூரியன் பக்கம் திருப்பினால் கெமரா பழுதாகலாம் என்ற பயமும் பொறியியலாளர்களுக்கு இருந்தது. பல வருட முயற்சிக்குப் பிறகு 1990 பெப்ரவரி 14 இல் படம் எடுக்கப்பட்டது. 6 பில்லியன் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து எடுத்த அந்தப் படத்தில் பூமி ஒரு பிக்சல் அளவு கூட இல்லை. சூரிய ஒளிக்கீற்று ஒன்றின் நடுவே மங்கிய நீலப் புள்ளி.

நாம் அறிந்த ஒவ்வொரு மனிதரும், நடந்த ஒவ்வொரு யுத்தமும், வரைந்த ஒவ்வோர் எல்லைக்கோடும் அந்தப் புள்ளிக்குள்தான் என்பதை அப்படத்தை வைத்துச் சேகன் எடுத்துச் சொன்னார். வியப்பு வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாமல் ஒழுக்கச் சிந்தனையாக மாறும் இடம் இது. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட நமக்கு அந்தப் படம் சொல்லும் செய்தி விளங்காமல் இருக்க முடியாது.

வியப்பும் சந்தேகமும்

வியப்பூட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் பொய் சொல்லியும் வியக்க வைக்கலாம். "ஓகஸ்ட் மாதம் செவ்வாய்க் கிரகம் சந்திரன் அளவுக்குப் பெரிதாகத் தெரியும், தவறவிடாதீர்கள்" என்ற தகவல் இன்றும் கைத்தொலைபேசிகளில் சுற்றி வருகிறது. 2003 ஓகஸ்டில் செவ்வாய் பூமிக்கு 56 மில்லியன் கிலோமீற்றர் அளவு நெருங்கி வந்தது. ஏறத்தாழ 60,000 வருடங்களில் அவ்வளவு நெருக்கம் இருந்ததில்லை. இது உண்மை. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைகாட்டியூடாகப் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் சந்திரன் அளவில் செவ்வாய் தெரியும் என்று அப்போது ஒரு குறிப்பு பரவியது. கைமாறிக் கைமாறி வந்ததில் தொலைகாட்டி காணாமற் போய்விட்டது! மிஞ்சியது பொய்.

இதனால்தான் சேகன் வியப்பையும் சந்தேகத்தையும் பிரிக்காமல் வைத்திருந்தார். 1995 இல் வெளிவந்த 'பேய்கள் ஆட்டும் உலகம்' என்ற பொருள்படும் நூலில், ஒரு கூற்றைக் கேட்டதும் ஆதாரம் என்ன, சுயாதீனமாக உறுதிப்படுத்தப்பட்டதா, வேறு விளக்கம் சாத்தியமா என்று கேட்கும் பழக்கத்தை விரிவாகச் சொல்லித் தந்தார். அந்த அளவுகோலைத் தனக்கும் பிரயோகித்தார். 1991 இல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது, அந்தப் புகை மேல் வளிமண்டலத்துக்கு ஏறித் தெற்காசியாவின் பருவமழையைக் கூடப் பாதிக்கலாம் என எச்சரித்தார். அப்படி நடக்கவில்லை. தன் கணிப்பு பிழைத்ததை அதே நூலில் அவரே எழுதினார்.

மக்களிடம் பேசுபவருக்குத் துறைக்குள் மதிப்புக் குறைவதும் உண்டு. 1992 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்துவத்துக்குச் சேகனின் பெயர் முன்மொழியப்பட்டு நிராகரிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அதே கழகம் பொதுநலப் பணிக்கான தன் உயரிய பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1996 டிசம்பர் 20 இல் அவர் காலமானார்.

நமக்கு என்ன?

1975 இல் பிரொங்ஸ் பகுதியைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் கோர்ணலுக்கு விண்ணப்பித்திருந்தான். சேகன் அவனுக்குத் தானே கடிதம் எழுதி வரவழைத்து, ஆய்வுகூடத்தைக் காட்டி, ஒரு புத்தகத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பனி பெய்துகொண்டிருந்ததால், பஸ் வராவிட்டால் வீட்டுக்கு வந்து தங்கு என்று தன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்த மாணவன் கோர்ணலுக்குப் போகவில்லை. ஆனால் 2014 இல் கொஸ்மோஸ் தொடர் புதிதாக வந்தபோது அதைத் தொகுத்து வழங்கிய வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் அவர்தான்.

எல்லோரும் சேகனாக முடியாது, தேவையுமில்லை. "வாப்பா, நட்சத்திரம் ஏன் மினுங்குது?" என்று பிள்ளை கேட்கும்போது "சும்மா இரிங்க மகன், போய்ப் பாடத்தைப் படிங்க" என்று சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. "எனக்கும் தெரியாது, வாங்க தேடிப் பார்ப்போம்" என்றால் மீதியும் முடிந்தது. பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் வருடா வருடம் வினாவிடைப் போட்டி வைக்கின்றன. ஒரு வருடமாவது தெற்கிலும் வடக்கிலும் உள்ள இரண்டு பாடசாலைகள் சேர்ந்து ஏப்ரலில் ஆளுக்கொரு தடியை நட்டுப் பார்க்கலாம். ஏப்ரல் தவறினால் சூரியன் திரும்பி வரும் செப்டெம்பர் முதல் வாரம் இருக்கிறது. செலவு ஒன்றுமில்லை, நிழலை அளந்து தொலைபேசியில் சொன்னால் போதும். பூமியின் சுற்றளவைத் தானே அளந்த பிள்ளைக்கு அந்த 40,000 என்ற எண் ஒருநாளும் மறக்காது.