செலினியமும் புற்றுநோயும்

செலினியம் மிகச் சிறிய அளவில் உடலுக்குத் தேவைப்படும் தாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. செல்களுக்குள் உண்டாகும் பெராக்சைடுகள் டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடியவை. அவற்றை முறிக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதிகளில் முக்கியமானவை செலினியம் இல்லாமல் இயங்கா. இந்தத் தாது புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள லின்சியனில் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்கள் மிக அதிகம். சத்துக்குறைவும் பரவலாக இருந்தது. 1986 முதல் 1991 வரை அங்கே ஏறக்குறைய 30,000 பேரிடம் நுண்சத்து மாத்திரைகள் சோதிக்கப்பட்டன. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, 50 மைக்ரோகிராம் செலினியம் மூன்றையும் சேர்த்து உண்டவர்களிடம் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. காத்தது மூன்றில் எது என்று பிரித்தறிய அந்த ஆய்வில் வழியில்லை. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் செலினியம் மட்டும், 200 மைக்ரோகிராம் தரப்பட்டது. தோல் புற்றுநோயைத் தடுக்கத் தொடங்கிய முயற்சி அது. அந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. அதிலும் இரத்தத்தில் செலினியம் குறைவாக இருந்தவர்களே பலன் பெற்றார்கள். அந்தத் தகவலுக்கு அன்றே இன்னும் கூடுதல் கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

புரோஸ்டேட் புற்றுநோயைச் செலினியம் தடுக்குமா என்று அறிய 2001இல் 'செலக்ட்' ஆய்வு தொடங்கியது. 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தார்கள். செலினியத்தால் பயன் எதுவும் தெரியாததால் 2008இலேயே மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. பங்கேற்றவர்களின் கால்விரல் நகத் துண்டுகள் முன்பே சேகரித்து வைக்கப்பட்டிருந்தன. உடலில் பல மாதங்களாக இருந்த செலினியத்தின் அளவை நகம் காட்டிவிடும். 2014இல் வெளியான நகப் பரிசோதனை முடிவு கவலை தருவது: ஏற்கெனவே செலினியம் நிறைந்திருந்தவர்கள் மாத்திரையும் உண்டபோது, தீவிர வகைப் புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது.

இந்த ஆய்வு முடிவுகளுக்கிடையிலான வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் மண்ணில் இருக்கிறது. பயிர், மண்ணிலுள்ள செலினியத்தையே எடுத்துக்கொள்கிறது. வட அமெரிக்கச் சமவெளி மண்ணில் அது தாராளம். அமெரிக்க ஆண்களுக்கு உணவிலேயே நாளொன்றுக்குச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. நொதிகளின் தேவை தீர்ந்த பிறகு வந்து சேரும் மிகுதியால் அவற்றுக்குப் பயனில்லை. பற்றாக்குறை உள்ளவருக்கு உதவக்கூடிய அதே மாத்திரை, நிறைவாக உள்ளவருக்குத் தேவையற்ற ஆபத்து.

இந்தியாவிலும் மண் ஒன்றுபோல் இல்லை. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில கிராமங்களின் நிலத்தில் செலினியம் நச்சளவுக்கு மிகுந்துள்ளது. அங்கு விளையும் கோதுமையை உண்பவர்களிடம் முடி உதிர்வும் நகச் சிதைவும் பதிவாகியுள்ளன.