விரைவும் பொறுப்பும்

ஜேர்மனி தேசத்தில் வாழும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு ஒரு மடல் விடுத்தார். “ஐயா, பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு போர்ஷே 911 கார் ஒன்று வாங்கிவிட்டேன். வாழ்த்தி நாலு வரி எழுதுங்கள்” என்பது அதன் சாரம். துவிச்சக்கரவண்டியன்றி வேறொன்றைச் செலுத்தியறியாத தமிழாசிரியன் யான். எனினும், வெறும் வாழ்த்து மாத்திரம் எழுத மனம் ஒருப்படவில்லை. நம் விஞ்ஞான ஆசிரியரை வினாவியும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை அம்மாணவருக்கு எழுதினேன். அதன் சுருக்கமே இக்கட்டுரை.

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. வேகம் இருமடங்காயின் சக்தி நான்கு மடங்காகும். வேகம் நான்கு மடங்காயின் சக்தி பதினாறு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், பிறேக்குப் பிடித்தபின் ஏறத்தாழ 10 மீற்றரில் நிற்குமெனின், 200 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் அதே கார் நிற்பதற்கு ஏறத்தாழ 160 மீற்றர் வேண்டும். இதுவும் வீதி உலர்ந்து, ரயர்கள் செவ்வனே இருந்தாற்றான். கண் கண்டதைக் கால் உணர்ந்து பிறேக்கை மிதிக்க ஒரு விநாடி கழியுமாயின், அதற்குள்ளேயே வண்டி 55 மீற்றர் கடந்துவிடும். காரின் விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், இக்கணக்கில் ஒரு தம்பிடியும் தள்ளுபடி இல்லை.

இரண்டாவது, வண்டியின் இயல்பை அறிதல். 1975இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ, 260 குதிரைவலுவுடையது. அதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னே அமைந்தது. முடுக்கியை மிதித்தவுடன் முழு வலுவும் வாராது. சற்றுத் தாமதித்து, பின்னர் ஒருங்கே பாயும். வளைவிற் புகுந்த சாரதி, நடு வளைவில் வலு பாயக்கண்டு அஞ்சிச் சட்டெனக் காலை எடுப்பான். அப்போது பாரம் முன்சில்லுகளின்மேற் சாயும். பின்சில்லுகள் வீதியிற் பற்றிழக்கும். பாரமான பின்புறம் சுழன்று முன்னே வரும். அஞ்சிச் செய்த செயலே ஆபத்தை விளைக்கின்றது! இதனை முன்பே அறிந்து பழகியவன் வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணிப்பான்.

இக்காலத்துக் கார்களில் சறுக்கலைத் தடுக்கும் இலத்திரனியற் கருவி உண்டு. பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனமும் 1995இல் அதனை வழக்கிற் கொணர்ந்தன. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிய கார்கள் யாவற்றிற்கும் அது கட்டாயமாயிற்று. சில்லுகளைத் தனித்தனியே பிறேக்குப் பிடித்து, வண்டியை நெறிப்படுத்துவது அதன் தொழில். ஆனால் ரயருக்கும் வீதிக்கும் இடையே இல்லாத உராய்வை அக்கருவி உண்டாக்கித் தரமாட்டாது. அக்கருவி உண்டென்ற துணிவில் வேகத்தைக் கூட்டுபவன், அது தரும் நன்மையைத் தானே அழித்துவிடுகின்றான்.

மூன்றாவது, ரயர். 2013 நவம்பர் 30ஆந் திகதி கலிபோர்னியாவில் நடிகர் போல் வோக்கரும் அவர் நண்பரும் போர்ஷே கரேரா ஜி.ரி. காரில் மாண்டனர். நண்பரே வண்டியைச் செலுத்தினார். பந்தய அநுபவமும் உடையவர். மணிக்கு 45 மைல் எல்லையுள்ள வீதியில், வண்டி 80 முதல் 93 மைல் வேகத்திற் சென்றதென விசாரணையாளர் கண்டனர். அதன் ரயர்கள் ஒன்பது ஆண்டு பழையனவாம். அதிகம் ஓடாத விலையுயர்ந்த கார்களுக்கு இது சிறப்பாக உரிய இடர். தேயாமையாற் புதியதுபோலத் தோன்றும் ரயரும், காலத்தால் இறுகிப் பற்றிழக்கும். ரயரின் பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். அவற்றை நோக்குதற்குக் குனியவேண்டுமேயன்றிப் பணம் வேண்டியதில்லை.

இனிப் பொறுப்பினைப் பற்றிக் கூறுவேன். 2016 பெப்ரவரி 1ஆந் திகதி நள்ளிரவின்பின், பேர்லின் நகரின் நடுவீதியில் இருவர் தத்தம் வலுமிக்க கார்களிற் பந்தயம் ஓட்டினர். சிவப்பு விளக்குகள் பலவற்றைக் கடந்து, மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஒரு சந்தியிற் புகுந்தனர். பச்சை விளக்கை நம்பி வந்த 69 வயது முதியவர் உயிரிழந்தார். பேர்லின் நீதிமன்று 2017இல் இதனைக் கொலையெனத் தீர்த்தது. வழக்கு மேன்முறையீடுகளிற் பலகாலம் நடந்து, 2020இல் சமட்டி உயர்நீதிமன்று மோதிய சாரதியின்மீதான கொலைத் தீர்ப்பை உறுதி செய்தது. இதற்கிடையில், 2017 ஒக்ரோபரில் வீதிப் பந்தயத்தைக் குற்றமாக்கும் சட்டமும் அங்கு வந்தது.

இதைப் படித்தபோது, பெரியபுராணத்தில் நாம் வகுப்பிற் கற்ற மனுவேந்தன் வரலாறு நினைவிற்கு வந்தது. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரூர்ந்து செல்கையில், இளங்கன்றொன்று தானே துள்ளிவந்து தேர்க்காலிற் சிக்கி மாண்டது. அமைச்சர் கழுவாய் கூறினர், வேந்தன் ஏற்றானல்லன். வேண்டுமென்று செய்யாத பிழைக்கே தேர் செலுத்தியவன் பொறுப்பாளி எனின், சிவப்பு விளக்கைக் கண்டும் நில்லாதவன் நிலை என்னை? வழக்காடியவர் பலராயினும், வினாவின் கரு ஒன்றே: வலுவைக் கையிற் கொண்டவன், அவ்வலுவின் விளைவையும் கொள்ளவேண்டும்.

வேகத்தைத் துய்த்தல் பிழையன்று. அதற்குரிய இடம் வேறு. ஜேர்மனியில் 1927 முதலுள்ள நியூர்பேர்க்ரிங் போன்ற ஓடுபாதைகளிற் பயிற்சியாசிரியரின் துணையோடு பழகலாம். அங்கும் தம் எல்லையை அறிந்தே ஓட்டவேண்டும். பொதுவீதியோ குழந்தைக்கும் முதியவர்க்கும் மிதிவண்டிக்காரர்க்கும் உரியது.

என் மடலுக்கு மாணவர் சின்னாட்களில் மறுமொழி விடுத்தார். “ஐயா, குனிந்து பார்த்தேன். நான் வாங்கியது பிறர் ஓட்டிய கார். ரயர்களுக்கு வயது எட்டு. நான்கையும் மாற்றிய பின்னரே மகளை அதில் ஏற்றினேன்” என எழுதியிருந்தார். அதன்பின்னரே, அவர் கேட்ட வாழ்த்தை மனநிறைவோடு எழுதி அனுப்பினேன்.