கிளாக்கா, சிக்கா? லால்பேட்டையில் இருப்பவர் எந்த பிஸ்டலை வாங்க முடியும்?

யூடியூபில் 'கிளாக் 19-ஆ, சிக் பி320-ஆ' என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அதே மாதிரி வீடியோக்கள்தான் வரிசையில் வந்து நிற்கும். 'கைக்கு அடக்கமா எது நல்லது?' என்ற கேள்வி நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. லால்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர்களில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: 'திரும்பி வரும்போது ஒண்ணு கொண்டு வரலாமா?'

முதலில், இந்த 'ஸ்ட்ரைக்கர்' என்றால் என்ன?

பழைய பாணி பிஸ்டலில் பின்பக்கம் ஒரு சுத்தியல் இருக்கும். ட்ரிக்கரை இழுத்தால் அது ஊசியில் மோதும், ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தைக் குத்தும். ஸ்ட்ரைக்கர் வகையில் தனியாகச் சுத்தியல் கிடையாது. ஸ்பிரிங் பொருத்திய ஊசியே நேராகப் பாய்ந்து குத்திவிடும். உடையில் மாட்டிக்கொள்ள வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. உறுப்புகளும் குறைவு.

இது புதுசு என்று நினைத்தால் தவறு. நூறு வருஷத்துக்கு முந்தைய பெல்ஜிய பிரௌனிங் பிஸ்டல்களில் பல இந்த வகைதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ஒரு பெல்ஜிய பிரௌனிங்கால் என்பது பள்ளிக்கூடப் பாடத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

உலகம் முழுக்க இந்த வகையைப் பரப்பியது ஆஸ்திரியாவின் கிளாக் 17. 1982-ல் அந்நாட்டு ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. அதன் குழலையும் பிடியையும் கொஞ்சம் வெட்டிக் குறைத்து 1988-ல் வந்ததுதான் கிளாக் 19. மேகசினில் 17 தோட்டாவுக்குப் பதில் 15, குழல் 102 மில்லிமீட்டர். 'காம்பாக்ட்' என்று இன்று சொல்லப்படும் அளவு ஏறக்குறைய இதுதான். அமெரிக்க ராணுவம் 2017-ல் தேர்ந்தெடுத்தது சிக் பி320-ஐ. ஆனால், அதே வருஷம் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அது தானாக வெடிக்கிறது என்ற புகார் கிளம்பி, விற்ற பிஸ்டல்களைத் திரும்ப வாங்கி ட்ரிக்கர் அமைப்பை நிறுவனம் இலவசமாக மாற்றிக்கொடுத்தது.

இரண்டில் எது என்று கேட்டால், வல்லுநர்கள் பிராண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையைப் பார்ப்பார்கள். விரல் ட்ரிக்கரைச் சரியாக எட்டுகிறதா? பிடி முழுசாக உள்ளங்கையில் உட்காருகிறதா? சின்ன பிஸ்டல் என்றால் சுலபம் என்பது பாதி உண்மைதான். அளவு குறையக் குறைய உதைப்பு கூடும், குறி தவறும்.

இன்னொரு விஷயம்: கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளுகிற பாதுகாப்புப் பொத்தான் இல்லை. கீழே விழுந்தால் வெடிக்காமல் உள்ளே தடுப்புகள் உண்டு. ஆனால் ட்ரிக்கருக்குள் விரலோ சட்டை நுனியோ போய் அழுத்திவிட்டால் எதுவும் தடுக்காது. அதனால்தான் ட்ரிக்கரை முழுசாக மூடும் உறை அவசியம் என்கிறார்கள். ரிவால்வரும் இதில் சளைத்ததில்லை. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தா தன் லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைநழுவி வெடித்து, குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது.

சரி, அப்போ இங்கே எதை வாங்கலாம்?

ஒரே வரியில் சொன்னால், கிளாக் 19-ம் கிடையாது, பி320-ம் கிடையாது. இரண்டும் பொதுவாக 9 எம்.எம். தோட்டாவில் ஓடுபவை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் அந்தத் தோட்டா 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ரகம். 2020-ல் கிளாக் நிறுவனம் இந்தியக் கூட்டாளியுடன் சேர்ந்து திருவள்ளூரில் தயாரிப்பதாக அறிவித்தபோது 'இனி நமக்கும் கிடைக்குமா' என்று சிலர் குஷியானார்கள். அது படைகளுக்கும் போலீஸுக்கும்தான், நமக்கு இல்லை.

சாதாரண ஆளுக்கு மிஞ்சுவது .32 ரகம். அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் 'அஷானி' பிஸ்டல் அதில் ஒன்று. 2014-ல் பெண்களுக்கென்று கான்பூரில் இருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வர் இன்னொன்று. எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். ஒரு தற்காப்புக் கருவிக்கு அந்த விலை வைத்தால் யாருக்கு எட்டும் என்று அப்போதே கேட்டார்கள், நியாயமான கேள்வி.

லைசென்ஸ் சமாச்சாரம் இதைவிட நீளம். லால்பேட்டைக்காரர் என்றால் கடலூர் கலெக்டர்தான் உரிமம் தரும் அதிகாரி. வயது 21 ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க ஏற்பாடு, உள்ளூர் போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. அதற்கெல்லாம் மேலே, 'உங்களுக்கு ஏன் வேணும்?' என்ற கேள்விக்கு வலுவான பதில் வேண்டும். 'பயமா இருக்கு' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் வேலைக்காகாது. கிடைத்தாலும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு ஆயுதம்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று.

உரிமம் இல்லாமல் .32 வைத்திருந்து பிடிபட்டால் குறைந்தது இரண்டு வருஷம் சிறை. தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் ஏழு வருஷத்தில் தொடங்கி 14 வரை போகும்.

குறி பார்த்துச் சுடும் ஆசைதான் என்றால் வேறு வழி இருக்கிறது. 0.177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வென்றதும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

வெளிநாட்டில் இருந்து கொண்டு வருவது? துப்பாக்கி இறக்குமதி பொதுவாகத் தடை. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவருக்கு மட்டும், அங்கே ஒரு வருஷமாவது சட்டப்படி வைத்திருந்த, இங்கே அனுமதிக்கப்பட்ட ரகத்தில் ஒன்றுக்கு நிபந்தனைகளோடு வழி உண்டு. இங்கே லைசென்ஸ் வேண்டும், சுங்க வரியும் கட்ட வேண்டும். 9 எம்.எம். அந்தக் கணக்கிலும் வராது.

துப்பாக்கியே இல்லாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போன ஞாபகார்த்தமாகவோ, மறந்துபோயோ பையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தால்கூட விமான நிலைய ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு பதிவாகும். ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது, இப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் அதுவரை விமானம் போயிருக்கும், வக்கீல் ஃபீஸ் ஏறியிருக்கும். பையை ஒருமுறை கவிழ்த்துத் தட்டிவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்கள்.