உங்களுக்குத் தெரியுமா? கியூபெக்கும் அருப்புக்கோட்டையும்

1977 ஜூனில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்ற எம்.ஜி.ஆர். முதல்வரானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26-இல், ஆங்கிலத்தின் நெருக்கத்திலிருந்து பிரெஞ்சைக் காக்க, கனடாவின் கியூபெக் மாகாணம் 101-ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. கடைப் பலகை, வேலையிடம், பள்ளி எதையும் அது விடவில்லை. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும் என்றது. மான்ட்ரியாலில் ஈழத் தமிழர் பிள்ளைகள் பிரெஞ்சில் சரளமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரான்சும் தன் மொழியைக் காக்க 1994-இல் டூபோன் சட்டம் கொண்டுவந்தது.

நம்மிடமும் விதி உண்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும்; வேறு மொழியும் சேர்ந்தால் தமிழே முதலில், பெரிதாக வரவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது விகிதம். ஆனால் அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள்: 'மொபைல்ஸ்', 'டெக்ஸ்டைல்ஸ்', 'பர்னிச்சர்ஸ்' என எழுத்து மட்டும் தமிழ். விதியை ஏமாற்றிய கணக்குதான் இது, மனம் ஒப்பவில்லை. அதே ஊரின் நெசவாளர் வீடுகளில் தறி, பாவு, ஊடை, நாடா என்ற சொற்கள் எந்தச் சட்டமும் இல்லாமல் புழங்குகின்றன. கடைக்காரர்கள் கேட்டால், பலகைக்கு நல்ல தமிழ்ப் பெயர் சொல்ல ஊர்த் தமிழாசிரியர்கள் தயங்கமாட்டார்கள். கியூபெக்கில் மொழிப் புகாரைக் கேட்கத் தனி அலுவலகமே இருக்கிறது. இங்கேயும் மாவட்டந்தோறும் அப்படியொன்று வேண்டும்.