மணி அடித்தால் அம்மா அடுப்பை அணைப்பாள்

சித்திரை முதல் நாள் எல்லார் வீட்டிலும் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் என்று அமர்க்களப்படும். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். 1944 ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அன்று தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்துவார்கள். அது முடிந்து அப்பா வந்த பிறகுதான் அம்மா எங்களுக்கு இலை போடுவாள்.

அப்பா தீயணைப்பு வண்டி டிரைவர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நிலையத்துக்குப் பின்னாலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். நான் சொல்வது 1970-களில்.

இருந்தது ஒரே ஒரு பழைய பெட்ஃபோர்டு வண்டி. சைரன் கிடையாது. முன்னால் பெரிய பித்தளை மணி. டிரைவர் பக்கத்தில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து 'டாண் டாண்' என்று அடித்துக்கொண்டே போவார். வண்டித் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் குளமோ கிணறோ பார்த்து தடித்த குழாயை இறக்கி, பம்ப்பால் இழுத்து அடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் கான்வாஸ் குழாய்களைக் கழுவி, உயரமான கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். ஈரத்தோடு சுருட்டினால் இற்றுப் போகுமாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பா எங்கள் வீட்டுப் புளியைக் கரைத்து எடுத்துப்போய் அந்த மணியைத் தேய்ப்பார். "குத்துவிளக்குக்குக்கூட இவ்வளவு புளி செலவில்லை" என்று அம்மா சிரிப்பாள்.

மணிச் சத்தம் கேட்டால் மட்டும் அம்மா சிரிக்க மாட்டாள். எரிகிற விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவாள். "மனசு அங்கே போயிடும்டி. கவனம் இல்லாம அடுப்புக்கிட்ட நிக்கக்கூடாது" என்பாள். வண்டி திரும்பும்போது வாசலுக்கு ஓடிவந்து தலைகளை எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மறுபடியும் அடுப்பு எரியும்.

அப்பா அழுது நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

முதல் முறை எனக்குப் பதினோரு வயது. நல்ல வெயில் காலம். வைக்கோல் போர் எரிகிறது என்று ஊரின் வடகோடியிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. யாரோ விளையாட்டாகப் பேசியிருக்கிறார்கள். அதே நேரத்தில் தென்கோடியில் கூரை வீடுகள் பற்றிக்கொண்டன. சைக்கிளில் ஆள் ஓடிவந்தபோது நிலையத்தில் வண்டி இல்லை. வண்டி போய்ச் சேர்வதற்குள் ஏழு வீடுகள் சாம்பல். எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டி உள்ளேயே போய்விட்டாள். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "கொஞ்சம் முன்னாடி போயிருந்தா தூக்கியிருப்பேன்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார்.

இரண்டாம் முறை 2004 ஜூலை 16. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகிப்போன செய்தியை டி.வி.யில் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "அடுப்பு இருக்கிற இடத்துல கீத்துக் கூரை இருக்கலாமா?" என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா எங்களிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: "வண்டி வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கிற பொம்பளதாம்மா ஃபயர்மேன்." அது எவ்வளவு உண்மை என்று போன வருடம் புரிந்தது. மருமகள் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டது. பாவம், பயத்தில் சொம்புத் தண்ணீரைத் தூக்கிவிட்டாள். "ஊத்தாதேம்மா!" என்று கத்தியபடி கேஸை மூடி, பெரிய தட்டால் சட்டியைக் கவிழ்த்து மூடினேன். தீ அடங்கியது. கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டிருந்தால் தீ கூரை வரை எழும்பி அவள் முகத்திலேயே அடித்திருக்கும்.

தோழிகளே, அப்பா சொன்ன மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். சேலையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள், அல்லது கனமான ஜமுக்காளத்தால் சுற்றுங்கள். தீப்புண்ணில் இங்க், பற்பசை எதுவும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். 101, 112 எண்களைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கூடவே அந்தப் பாட்டியின் கதையையும் சொல்லி, அது விளையாடுகிற எண் இல்லை என்பதையும் புரியவையுங்கள்.

ரோட்டில் அந்தச் சிவப்பு வண்டியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். அது போகிற வீட்டில் ஒரு உயிர் காத்திருக்கும். அதில் போகிறவர்களின் வீட்டில், என் அம்மாவைப் போல ஒருத்தி தலைகளை எண்ணக் காத்திருப்பாள்.

- ஒரு தீயணைப்பு வீரரின் மகள், தஞ்சாவூர்.