இணையதளத்தை வழங்கியில் ஏற்றுதல்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பொது அதிகார அமைப்பு ஒவ்வொன்றும் தனது பணிகள், விதிகள், வரவு செலவு ஒதுக்கீடு, மானியத் திட்டங்கள் முதலியவற்றை எவரும் கேளாமலேயே வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு விதிக்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள் ஆகியவற்றுடன் இணையத்தையும் வெளியீட்டு வழியாக அப்பிரிவு ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, அலுவலகத்தில் உருவான ஒரு பக்கத்தை இணையத்தில் ஏற்றும் பணி வெறும் தொழில்நுட்ப வேலை அன்று. சட்டக் கடமையின் இறுதிப் படியாகும்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நீட்டிக்கப்பட்டதாகக் கொள்வோம். ஊழியர் தம் கணிப்பொறியில் தேதியைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை ஏற்றவில்லை. தொலைதூரக் கிராமத்து மாணவி பழைய தேதியையே கண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவாள். அலுவலகக் கோப்புகளில் எல்லாம் சரியாகவே இருக்கும்; பயன் மட்டும் உரியவரைச் சேராது.

இரண்டு படிகள்

இணையதளம் என்பது எழுத்து, படம், ஆவணம் ஆகியவை அடங்கிய கோப்புகளின் தொகுதி. இதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று, வடிவமைப்பாளரின் கணிப்பொறியில் உள்ள படி; மற்றொன்று, சர்வர் எனப்படும் வழங்கியில் உள்ள படி. வழங்கி இரவும் பகலும் இணையத்தோடு இணைந்திருந்து, கேட்போருக்குப் பக்கங்களை அனுப்பும் கணிப்பொறியாகும். பொதுமக்கள் காண்பது இந்த இரண்டாவது படியை மட்டுமே. முதற்படியிலிருந்து இரண்டாவது படிக்குக் கோப்புகளை அனுப்புவதையே 'ஏற்றுதல்' என்கிறோம்.

இதற்கெனப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் விதிமுறை எஃப்.டி.பி. எனப்படும் கோப்பு மாற்ற நெறிமுறை. இதன் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவரான அவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பயின்றபோது இதனை உருவாக்கினார். உலகளாவிய வலை தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட முயற்சி இது. 1985இல் இந்நெறிமுறை திருத்தி வெளியிடப்பட்டது. கட்டளைகளுக்கு ஓர் இணைப்பும் கோப்புகளுக்கு வேறோர் இணைப்பும் அமைப்பது இதன் சிறப்பு.

மென்பொருளின் பணி

முற்காலத்தில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தே கோப்புகள் அனுப்பப்பட்டன. வடிவமைப்பு மென்பொருள்கள் இதனை எளிதாக்கின. மேக்ரோமீடியா நிறுவனம் 1997இல் வெளியிட்டு, 2005இல் அடோபி நிறுவனத்திடம் சென்ற டிரீம்வீவர் இவற்றுள் புகழ் பெற்றது. பக்கத்தை வடிவமைப்பதும் ஏற்றுவதும் இதில் ஒரே இடத்தில் நிகழ்கின்றன.

முதலில், தளத்தின் எல்லாக் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதுவே தளத்தின் மூலம் என்று மென்பொருளுக்கு அறிவிக்க வேண்டும். அடுத்து வழங்கியின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கியில் கோப்புகள் சேர வேண்டிய கோப்புறை ஆகிய நான்கு விவரங்களைத் தர வேண்டும். இவற்றை வழங்கியை நடத்துவோர் அளிப்பர். பின்னர் இணைப்பைச் சோதித்து, கோப்புகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். இரு படிகளையும் ஒப்பிட்டு, மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும் வசதியும் உண்டு. இறுதியாக, வேறொரு கணிப்பொறியில் தளத்தைத் திறந்து பார்ப்பது இன்றியமையாதது.

நேரும் பிழைகள்

முகப்புப் பக்கத்திற்குப் பொதுவாக 'இண்டெக்ஸ்' என்று பெயரிடுவர். வழங்கி எதிர்பார்க்கும் பெயர் இல்லையெனில் முகப்பு தோன்றாது. விண்டோஸ் கணிப்பொறி ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக வேறுபடுத்துவதில்லை. லினக்ஸ் வழங்கிகளோ வேறுபடுத்தும். எனவே அலுவலகத்தில் தெரிந்த படம் வழங்கியில் தெரியாமற் போகலாம். கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி அமைப்பதே இதற்குத் தீர்வு. படத்தின் முகவரி வடிவமைப்பாளரின் கணிப்பொறியையே சுட்டி நின்றால், அவருக்கு மட்டும் படம் தெரியும், பிறருக்குத் தெரியாது.

இந்திய மொழிப் பக்கங்களுக்கு மற்றொரு கவனமும் தேவை. தனி எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்ட பழைய பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூனிகோட் முறையில் எழுதி, அதனைப் பக்கத்திலேயே அறிவித்தால் இக்குறை நீங்கும்.

இருவர் ஒரே பக்கத்தைத் திருத்தினால், பின்னர் ஏற்றியவரின் படி முன்னவரின் திருத்தத்தை அழித்துவிடும். ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதவாறு கோப்பைப் பதிவு செய்து எடுக்கும் முறையை மென்பொருள் அளிக்கிறது. நூலகத்தில் நூலைக் கையெழுத்திட்டு எடுப்பதற்கு இது ஒப்பாகும்.

பாதுகாப்பு

எஃப்.டி.பி. தோன்றிய காலத்தில் வலையமைப்பைப் பயன்படுத்தியோர் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகவே அந்நெறிமுறையின் பழைய வடிவில் கடவுச்சொல் மறைக்கப்படாமலேயே செல்கிறது. 2009இல் பரவிய கம்ப்ளர் என்னும் தீநிரல் எஃப்.டி.பி. கடவுச்சொற்களைத் திருடி, ஏராளமான தளங்களில் புகுந்தது. இணைப்பு முழுவதையும் மறைகுறியாக்கும் எஸ்.எஃப்.டி.பி. முறையையே இப்போது கையாள வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு ஒரு தெரிவை மாற்றினாற் போதும். வழங்கியிலுள்ள கோப்புகளை எவரும் மாற்றலாம் என்றவாறு அனுமதி அளிப்பதும் தவிர்க்கத் தக்கது.

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசியத் தகவலியல் மையம் 2009இல் வகுத்தது. அவை பின்னர் திருத்தப்பட்டன. தளத்தை ஏற்றுமுன் பாதுகாப்புத் தணிக்கை செய்தல், உள்ளடக்கத்தைக் காலந்தோறும் புதுப்பித்தல், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துமாறு அமைத்தல் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன.

இன்று பல அலுவலகங்கள் உலாவி வழியாகவே பக்கங்களைத் திருத்தும் மேலாண்மை அமைப்புகளுக்கு மாறியுள்ளன. கருவி மாறினாலும் கடமை மாறவில்லை. திருத்தம் செய்பவர் யார், ஒப்புதல் அளிப்பவர் யார், ஏற்றியபின் சரிபார்ப்பவர் யார் என்பதை ஒவ்வோர் அலுவலகமும் எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுதல் நலம். ஏற்றப்படுவதற்கு முன் நகல் எடுத்து வைப்பதும் அந்த வரையறையில் இடம்பெற வேண்டும். திருத்தம் மக்கள் காணும் படியில் தோன்றிய பின்னரே பணி முடிந்ததாகக் கருதப்பட வேண்டும்.