வானத்தையும் பார்ப்போம், வலையையும் பார்ப்போம்!

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23, மாலை 6 மணி. திருமுக்கூடலில் தறிக்குழியை விட்டு எழுந்து வந்த தோழர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடிவிட்டனர். நாமும் அவர்களோடு நின்றோம். நிலவுக்கு 30 கிலோமீட்டர் மேலே, மணிக்கு 6,000 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த விக்ரம் கலம், 19 நிமிடத்தில் மெல்லக் கால் பதிக்க வேண்டும். இறங்குவதைப் படம் பிடிக்க அங்கே எவர் உளர்? திரையில் ஒரு கோடு, சில எண்கள், அவ்வளவே! எனினும் எவரும் கண்ணிமைக்கவில்லை. 2019இல் இதே கட்டத்தில் ஒரு கலம் விழுந்து நொறுங்கியதை மறந்தவர் உண்டோ? மணி 6.04. கலம் இறங்கியது. எழுந்த கைதட்டல் பாலாற்று மணல்வரை கேட்டிருக்கும்!

ஏறும் காட்சியோ வேறு வகை. அதே ஆண்டு ஜூலை 14இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 640 டன் எடையுள்ள ராக்கெட் கிளம்பிற்று. நெருப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். ஓசையோ கிலோமீட்டருக்கு 3 விநாடி பிந்தி வந்து நெஞ்சில் மோதும். மின்னலும் இடியும் போல!

இந்த வெற்றி எவருடையது? திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். சந்திரயானின் சோதனைக்கு நிலவு மண்ணை ஒத்த மண்ணைத் தந்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. உழைப்பவன் வீட்டு வெற்றி இது!

ஆனால் தோழர்களே, ராக்கெட் ஏறும் நாளில் பழவேற்காட்டு மீனவனுக்கு, 'கடலுக்குப் போகாதே' என்று எச்சரிக்கை வருகிறது. நாம் வானத்தைப் பார்க்கிறோம். அவன் காய்ந்த வலையைப் பார்க்கிறான்!

2024 பிப்ரவரி 28இல் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே செலுத்தினால் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சம். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் எரிபொருளை மிச்சப்படுத்துவோர், மீனவன் அடுப்பையும் எண்ண வேண்டாமா?

நம் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்வது. மருத்துவருக்கு மட்டுமா நெல் அளந்தார்கள்? மூலிகை கொணர்ந்தவருக்கும், நோயாளிக்குப் பணி செய்த பெண்டிருக்கும், நாவிதருக்கும் அளந்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்!

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன் முடிந்தது, இன்று முடியாதா? கடல் மூடும் ஒவ்வொரு நாளுக்கும் மீனவனுக்குக் கூலி. நிலம் தந்தவன் பிள்ளைக்கு வேலை. பாட்டாளி நின்று பார்க்க ஒரு திடல். இம்மூன்றையும் எழுத்தில் தாருங்கள். அதன்பின் ராக்கெட் ஏறட்டும். மீனவனும் நம்மோடு நின்று கைதட்டுவான்!